பலகையில் இரண்டு ஊக்குகள்

கப்பற்படை ஜெட் விமானங்களைக் கவணில் வைத்து எறிவதுதான் என் வேலை என்று சொன்னால், நாங்கள் இருக்கும் மெல்போர்ன் புறநகரான பாயிண்ட் குக்கில் யாரும் நம்புவதில்லை. எங்கள் பகுதியில் தமிழ்ப் பெண் என்றால் ஐ.டி.யில் இருப்பாள், இல்லாவிட்டால் நர்ஸாக இருப்பாள். மூன்றாவதாக ஒன்று இருக்க முடியும் என்பதே பலருக்குச் செரிப்பதில்லை. "ஓ, டிஃபன்ஸா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்தில் என் மாமியார் எப்போது வருகிறார் என்று விசாரிப்பார்கள்.

விஷயம் எளிமையானதுதான். கப்பலின் மேல்தளத்தில் விமானம் ஓடி எழும்ப இடம் போதாது. அதனால் ஒரு தண்டவாளத்தின் மேல் சறுக்குவண்டியை வைத்து, அதன் முதுகில் விமானத்தை உட்காரவைத்து, அழுத்தி அடைத்த காற்றைத் திறந்துவிட்டு ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவார்கள். ஆங்கிலத்தில் கேட்டபல்ட். நான் வீட்டில் கவண் என்றே சொல்வேன். கப்பலில் ஏற்றுவதற்கு முன் தரையில் எறிந்து பார்க்க வேண்டுமே, அதற்காகத்தான் மெல்போர்னுக்கு மேற்கே, ஒரு மணி நேர ஓட்டத்தில், ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே எங்கள் ஆய்வு விமானத்தளம் இருக்கிறது. விமானத்தில் ஆள் கிடையாது. ஒரு பெரிய காரின் நீளம்தான் இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது நிஜமான ஜெட் இன்ஜின்.

தள்ளும் அந்த ஒரு விநாடியில் விமானத்தின் எந்தப் பகுதி எவ்வளவு நெளிந்தது, எவ்வளவு அதிர்ந்தது என்று அளப்பது என் பொறுப்பு. அதற்கான சின்னச் சின்னக் கருவிகளை விமானத்தின் உடம்பெங்கும் ஒட்டி, ஒயர் இழுத்து, ஒவ்வொன்றும் பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசிக் கருவி இருப்பது விமானத்தின் முதுகில். காற்றை உள்ளே இழுக்கும் வாயும் அதே முதுகில்தான் இருக்கிறது. படிக்கட்டு போட்டு ஏறி, அந்த வாய்க்கு மேலே குனிந்துதான் அந்த ஒயரை நான் மாட்டுவேன்.

அந்த வாய்க்குள் ஒரு திருகாணி விழுந்தால்கூட இன்ஜின் அதைத் தின்றுவிட்டுத் தானும் செத்துப்போகும். எரிபொருள் நிறைந்த ஒரு விமானம் எறிந்த வேகத்தில் எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் ஒரு சாலை இருக்கிறது. அதனால் எங்கள் இடத்தில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. சுவரில் ஒரு பெரிய பலகை. ஸ்பேனர், திருப்புளி என்று ஒவ்வொரு கைக்கருவிக்கும் அதன் உருவத்தைக் கறுப்பு மையில் வரைந்து, அதன் மேலேயே அந்தக் கருவியை மாட்டி வைத்திருப்பார்கள். ஒன்றை எடுப்பவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அந்த இடத்தில் தொங்கவிட வேண்டும். என் எண் ஒன்பது. பலகையில் ஒரு வில்லை தொங்கிக்கொண்டிருந்தாலும் இன்ஜினை இயக்கக் கூடாது. பிரதமரே வந்து காத்திருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

பலகைக்குப் பொறுப்பாக ஒரு பெண்மணி இருக்கிறார். பாதுகாப்பு அதிகாரி, அறுபதை நெருங்குகிறவர், சிரிப்பதற்கும் படிவம் வைத்திருப்பாரோ என்று நினைக்கத் தோன்றும். காலையில் அவர் ஒரு தாளை நீட்டுவார். பையில் ஏதும் இல்லை, பேனா இல்லை, நாணயம் இல்லை, நகை இல்லை. நான்கு கட்டத்திலும் குறியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு வருடமாக நான் போட்டுக்கொண்டிருந்தேன். மோதிரம், வளையல், கம்மல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவேன். அந்த விஷயத்தில் நான் பெரிய ஒழுங்குக்காரி என்று எனக்கே ஒரு நினைப்பு.

தாலி மட்டும் சட்டைக்குள் கிடந்தது. மெல்லிய சங்கிலிதான். அதை மறைத்தேன் என்று சொன்னால் பொய். மறைப்பதற்கு முதலில் அது இருக்கிறது என்ற நினைப்பு வேண்டும். 'நகை இல்லை' என்ற கட்டத்தில் குறியிடும்போது ஒரு நாள்கூட என் கை தயங்கியதில்லை. நகை என்றால் கழற்றி வைப்பது. தாலியை யார் நகைக் கணக்கில் சேர்ப்பார்கள்? அந்தச் சங்கிலியில் இரண்டு ஊக்குகள் வேறு மாட்டியிருந்தேன். கல்யாணமான வருடத்திலிருந்து அவை அங்கேதான் இருந்தன. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புடவை நழுவினால், பிள்ளையின் பொத்தான் தெறித்தால், பையின் வார் அறுந்தால், கை தானாகக் கழுத்துக்குப் போகும். புடவை கட்டி மாதக்கணக்கில் ஆனாலும் ஊக்குகள் பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். பதற்றமாக இருந்தால் சட்டைக்கு மேலாகவே அவற்றைத் தடவிக்கொண்டிருப்பது என் பழக்கம்.

இது நடந்தது ஒரு பிப்ரவரி மாத வெள்ளிக்கிழமை. காலையிலேயே வெயில் கொளுத்தியது. ஈக்கள் முகத்தை விட்டு அகல மாட்டோம் என்றன. கப்பற்படையிலிருந்து ஐந்தாறு பேர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்கள். அன்றைய எறிதல் சரியாக அமைந்தால்தான் அடுத்தது கப்பலில். அதனால் எல்லோரும் கொஞ்சம் விறைப்பாகவே இருந்தோம். நான் படிக்கட்டில் ஏறி, கடைசி ஒயரை மாட்டி, இறங்கி, திருப்புளியைப் பலகையில் வைத்துவிட்டு என் வில்லையை எடுத்துக்கொண்டேன். பலகை நிறைந்தது. எல்லோரும் இருநூறு மீட்டர் தள்ளி இருந்த கட்டுப்பாட்டு அறைக்குப் போனோம். அறை என்பது மரியாதைக்கு. மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நிறுத்திய ஒரு சரக்குப் பெட்டகம் அது. உள்ளே ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக் இருக்கும், எல்லாம் பதிவாகும்.

சோதனைத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து எண்ண ஆரம்பித்தார். அவர் ஆறடிக்கு மேல் உயரம், ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசமாட்டார், அதில் பத்து எண்களாக இருக்கும். "ஐந்து நிமிடம்" என்றார். மூன்றாவது நிமிடத்தில் இன்ஜின் ஓடத் தொடங்கும். என் கை வழக்கம்போல நெஞ்சுக்குப் போனது. தடவினேன். ஓர் ஊக்குதான் இருந்தது.

மறுபடி தடவினேன். தாலி, பக்கத்தில் இரண்டு குண்டு, ஓர் ஊக்கு. இன்னொன்று இல்லை. அரைமணிக்கு முன்னால் அந்த வாய்க்கு மேல் நான் குனிந்து நின்ற விதம் கண்முன் வந்தது. சட்டையின் மேல் பொத்தானைப் புழுக்கத்துக்காகத் திறந்துவிட்டிருந்தேன்.

யார் வேண்டுமானாலும் சோதனையை நிறுத்தலாம் என்பது எங்கள் விதி. 'ஸ்டாப்' என்று மூன்று முறை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் நான்கு வருடமாகப் பொய்யான தாளில் கையெழுத்துப் போட்டவள் என்று ஆகிவிடும். பாதுகாப்புத் துறை வேலையில் அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த வேலைக்காக இரண்டு வருடம் காத்திருந்தேன், குடியுரிமை வாங்கினேன், பின்னணி விசாரணைக்கு என் சித்தப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்வரை எழுதிக் கொடுத்தேன். அதைவிட, எனக்கு இந்த வேலை பிடிக்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வண்டி தள்ளப்படும் அந்த ஒரு விநாடிக்காக நான் எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் எழுந்திருப்பேன். ஊக்கு வீட்டிலேயே விழுந்திருக்கலாம் என்று மனம் ஒரு பக்கம் ஆசை காட்டியது. வாய் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்றும் அதே மனம்தான் சொன்னது. அதை நான் கேட்டேன், கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு அந்தச் சாலை ஞாபகம் வந்தது. காலையில் நானும் அந்த வழியாகத்தான் வந்தேன்.

"ஸ்டாப், ஸ்டாப், ஸ்டாப்."

என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது. தலைவர் ஒலிவாங்கியைக் கீழே வைத்தார். வெள்ளைச் சட்டைகள் எல்லாம் திரும்பின.

"யார் நிறுத்தினது?"

"நான்தான். என்கிட்ட இருந்த ஒரு ஊக்கைக் காணோம். உலோகம். விமானத்துக்குள்ள விழுந்திருக்கலாம்."

"ஊக்கா? எங்க வெச்சிருந்தீங்க?"

சட்டைக்குள்ளிருந்து சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டினேன். கல்யாணத்தில் என் கணவர் கட்டியதிலிருந்து அதை அவ்வளவு பேருக்கு நடுவில் நான் வெளியே எடுத்ததில்லை. பாதுகாப்பு அதிகாரி அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கையில் காலையில் நான் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

தேடினோம். காமிரா பொருத்திய ஒரு நீண்ட குழாயை விமானத்தின் வாய்க்குள் விட்டுப் பார்த்தார்கள். இல்லை. தண்டவாளத்தின் அடியில் காந்தத்தை இழுத்தார்கள். மூன்று வாஷரும் ஒரு பழைய பீர் மூடியும் வந்தன, ஊக்கு வரவில்லை. நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று, தரையைப் பார்த்தபடி தளத்தை நடந்து அளந்தோம். கப்பற்படைக்காரர்கள்கூட வெள்ளைச் சட்டையோடு குனிந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம், "எவ்ளோ நீளம் இருக்கும்?" என்று தன்மையாகத்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈயை விரட்டுவதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஊக்கு கிடைக்காமல் எறிய முடியாது. உள்ளே இல்லை என்று காமிரா சொன்னால் போதாது, எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றார் அந்த அம்மாள். பிறகு என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, முதல் முறையாக மெதுவாகப் பேசினார். "கடைசியா ரெண்டும் இருந்ததை எப்போ பாத்தீங்க? காலையில எழுந்ததுலேருந்து சொல்லுங்க. எதையும் விடாதீங்க."

சொன்னேன். எழுந்தேன், குளித்தேன், அப்போது இரண்டும் இருந்தன, ஏனென்றால் ஒன்று துண்டில் மாட்டிக்கொண்டு எரிச்சல் மூட்டியது. தயிர்சாதம் பிசைந்தேன். கணவர் காபி எங்கே என்றார், கையிலிருக்கிறது என்றேன். மகள் பள்ளிக்கூட ஸ்கர்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கொக்கி பிய்ந்துவிட்டதாம்...

அங்கேயே நின்றுவிட்டேன்.

ஒரு கையில் டிஃபன் டப்பா, இன்னொரு கை கழுத்துக்குப் போனது, ஸ்கர்ட்டின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தது, போ என்று முதுகில் தட்டியது. எல்லாம் கை செய்த வேலை. எனக்கு அதில் பங்கே இல்லை. ஆனால் அது இன்று காலையா, புதன்கிழமையா? புதனன்றும் அதே கொக்கி பிய்ந்தது. அன்று மாலை ஊக்கைத் திரும்ப வாங்கி மாட்டியதும் ஞாபகம் வந்தது.

"இன்னிக்குன்னு நிச்சயமா சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அப்போ ஸ்கூலுக்குப் போன் பண்ணுங்க" என்றார் தலைவர்.

எங்கள் கைப்பேசிகள் வாசலில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். அலுவலக மேசை போனில், ஒலிபெருக்கியைப் போட்டு, தலைவரும் அதிகாரி அம்மாளும் பக்கத்தில் நிற்க, நான் என் மகளின் தொடக்கப் பள்ளியைக் கூப்பிட்டேன். எடுத்த குரலைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அந்தப் பள்ளி அலுவலகத்தில் இருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் பகுதித் தமிழர்கள் எல்லோருக்கும் ஆன்ட்டி, என் குரலும் என் மகளும் அவருக்கு நன்றாகத் தெரியும். நான் ஆங்கிலத்தை அப்படியே கைவிட்டேன்.

"ஆன்ட்டி, நான் கிரேட் ஃபோர் பொண்ணோட அம்மா பேசுறேன். அவ ஸ்கர்ட்டுல ஒரு ஊக்கு குத்தியிருக்கான்னு பாத்துச் சொல்றீங்களா? ரொம்ப அவசரம்."

"பின்னோ? என்ன பின், தாலிக்கொடியில கொழுவுற பின்னோ?"

"அதேதான் ஆன்ட்டி."

"பொறுங்கோ, போய்ப் பாத்துக்கொண்டு வாறன்."

அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. அவர் வரும்வரை நாங்கள் மூவரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆன்ட்டி என்ன கேட்டார் என்றார் தலைவர். சொன்னேன். "அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதற்கு இருபது வார்த்தைக்குள் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

"ஹலோ, இருக்கிறியளோ? ஓம், பின் இருக்கு. வெள்ளிக் கலர். பிள்ளை பக்கத்தில நிக்கிறா. தான் ஏதோ பிழை விட்டிட்டன் எண்டு பயப்பிடுறா. கழட்டி வைக்கவோ?"

"கழட்டாதீங்க ஆன்ட்டி, ஸ்கர்ட் விழுந்துரும்!"

நான் கத்தியது என்னவென்று கேட்டு மொழிபெயர்க்க வைத்தார்கள். அதிகாரி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். சிரித்தாரா, இருமினாரா, இன்றுவரை தெரியாது. ஆனால் விட்டாரா? அதே ஊக்குத்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார். என் சங்கிலியில் மிச்சமிருந்ததை அவர் அளந்தார். அந்தப் பக்கம் ஆன்ட்டி மகளின் பென்சில் பெட்டியிலிருந்து அடிக்கோலை எடுத்து, இடுப்பில் வைத்துப் படம் பிடித்து, அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பினார். இரண்டும் ஒரே நீளம். யானைப் படம் போட்ட இளஞ்சிவப்பு அடிக்கோலும் பள்ளிச் சீருடையின் இடுப்புப் பட்டையும் அன்றைய சோதனைக் கோப்பில் இணைப்பாகச் சேர்ந்தன. இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

காற்று நல்லவேளையாகத் திசை மாறவில்லை. பிற்பகலில் மறுபடி எண்ணினார்கள். இன்ஜின் பிடித்தது, சத்தம் ஏறியது, சறுக்குவண்டி பாய்ந்தது. அது தடுப்பில் முட்டி நின்றபோது விமானம் அதன் முதுகில் இல்லை. கொஞ்சம் தாழ்ந்தது, பிறகு நிமிர்ந்து வேலிக்கு மேலே, சாலைக்கு மேலே, மஞ்சள் புல்வெளிக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. என் கருவிகள் ஒன்றுவிடாமல் பேசின. நான் பெட்டகத்தின் பின்பக்கம் போய், மணல் மூட்டையில் உட்கார்ந்து, நன்றாக அழுதேன். அவ்வளவு இதமாக நான் என்றும் அழுததில்லை.

புறப்படும்போது தலைவர், "படிவத்தைப் பத்தித் திங்கட்கிழமை பேசுவோம்" என்றார். வந்த நிம்மதி வாசல்வரைகூட வரவில்லை.

வீட்டுக்குப் போனதும் மகள் ஊக்கை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "அம்மா, டிட் ஐ பிரேக் யுவர் பிளேன்?" என்றாள். இல்லைடி, உன் இடுப்பில் இருந்ததால்தான் அது பறந்தது என்றேன். அவளுக்குப் புரியவில்லை, ஆனால் மறுநாள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அதைத் தன் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிவிட்டாள். என் கணவர், "நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்றார். "எனக்கு" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அந்தச் சனி ஞாயிறு முழுக்க நான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுக்களை அலமாரியை இரண்டு முறை கழுவினேன்.

திங்கட்கிழமை தலைவர் மேசையில் என் தாள்கள் நான்கு வருடத்துக்கும் அடுக்கியிருந்தன.

"தெரிஞ்சு எழுதினீங்களா, தெரியாம எழுதினீங்களா?"

"தாலியை நகைன்னு நான் நெனச்சதே இல்ல. ஊக்கை எதுவாவும் நெனச்சதில்ல."

அவர் மோதிரத்தின் மேல் ஒட்டுநாடா சுற்றிய தன் விரலைக் காட்டினார். மோதிரம் கழற்ற வராதவர்கள் அதை எழுதிக் கொடுத்து, ஒட்டுநாடா போட்டுக்கொள்ளலாமாம். விதியிலேயே இருக்கிறதாம். நான்கு வருடம் அது எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் கேட்டதே இல்லை.

"வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவைக் கேட்டேன்" என்றார். "அஞ்சு நிமிடம்னு நான் சொன்னதுக்கப்புறம் உங்க மூச்சு மாறுது. அதுலேருந்து பதினோரு விநாடி கழிச்சுத்தான் ஸ்டாப் சொல்றீங்க."

"ஆமா."

"அடுத்த தடவை அதைக் குறைங்க."

நான் மேற்கொண்டு வருவதற்காகக் காத்திருந்தேன். அவர் தாள்களை எடுத்து இழுப்பறையில் வைத்தார். அடுத்த தடவை என்ற ஒன்று எனக்கு இருக்கிறது என்று புரிய, வாசற்படி தாண்டும்வரை ஆயிற்று.

அதற்குள் அதிகாரி அம்மாள் பலகையின் வலது மூலையில் கறுப்பு மையில் இரண்டு ஊக்குகளை வரைந்திருந்தார். நாக்கும் தலையும் சுருளும் அச்சாக இருந்தன. தளத்துக்குள் நுழைந்ததும் ஊக்குகளைக் கழற்றி அங்கே மாட்டிவிட வேண்டும், தாலியைத் தாளில் எழுதி, ஒட்டுநாடாவால் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. 'நகை' என்ற கட்டத்தில் முதல் முறையாக எழுதினேன். 'தாலி, ஒன்று.' எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு சோதனை. வில்லையை எடுக்கப் போனவள் பலகையைப் பார்த்ததும் அப்படியே நின்றேன். ஓர் ஊக்கு இல்லை. சங்கிலிக்குக் கை போய், ஒட்டுநாடாவைத்தான் தடவியது. பிறகுதான் கவனித்தேன், ஊக்கின் இடத்தில் ஒரு பித்தளை வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. எண் ஒன்று.

பலகை நிறையாமல் யாருக்காகவும் இன்ஜின் ஓடாது. அதிகாரி அம்மாள் பெட்டகத்தின் வாசலில் நின்று, அந்த வில்லைக்காரரைப் பெயர் சொல்லி ஒரு முறைதான் கூப்பிட்டார். தலைவர் வந்தார். முகம் சிவந்திருந்தது. இடுப்பிலிருந்து ஊக்கைக் கழற்றி, வரைந்த இடத்தில் சரியாக மாட்டி, தன் வில்லையை எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஒலிவாங்கியை எடுத்து, ஐந்து நிமிடம் என்று எண்ணத் தொடங்கினார்.